தாயை மலடி என்னும் வாதம்

"அவர் உண்மையான பெண்ணியவாதி இல்லை." கருத்தரங்கு முடிந்து தேநீர்க் கோப்பையோடு நிற்கும்போதும், நூல் வெளியீட்டுக்கு யாரை அழைப்பது என்று பேசும்போதும் இந்த வாக்கியம் நம்மிடையே எளிதாக வந்து விழுகிறது. தாலி அணிந்தவர் உண்மையான பெண்ணியவாதி இல்லை. கோயிலுக்குப் போகிறவர் இல்லை. காந்தியைக் கொண்டாடுகிறவர் இல்லை. உடலைப் பற்றி எழுதுகிறவர் இல்லை. உடலைப் பற்றி எழுதத் துணியாதவரும் இல்லை. இந்த விதிகள் எல்லாவற்றையும் ஒரே மேடையில் அமல்படுத்தினால் நாற்காலிகள் மட்டும்தான் மிஞ்சும்.

யார் பெண்ணியவாதி என்று தீர்ப்பு எழுதுவது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. அப்படித் தீர்ப்பு எழுதும்போது நாம் கையாளும் தர்க்கம் எத்தகையது, அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதைப் பார்க்க விரும்புகிறேன்.

இவ்வகை வாதத்துக்குத் தர்க்கவியலில் ஒரு பெயர் உண்டு. ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஆன்டனி ஃப்ளூ 1975இல் வெளிவந்த தன் நூலில் 'உண்மையான ஸ்காட்லாந்துக்காரர்' என்ற உதாரணத்தால் இதை விளக்கினார். ஹேமிஷ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் காலையில் செய்தித்தாளைப் பிரிக்கிறார். இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் ஒரு பாலியல் வெறியன் மறுபடியும் கைவரிசை காட்டியிருக்கிறான். "ஸ்காட்லாந்துக்காரன் எவனும் இப்படிச் செய்யமாட்டான்" என்கிறார் ஹேமிஷ். மறுநாள் செய்தித்தாளில் அபர்தீன்காரன் ஒருவன் செய்த, அதைவிடக் கொடூரமான காரியம் வந்திருக்கிறது. அபர்தீன் ஸ்காட்லாந்தில்தான் இருக்கிறது. முந்தைய நாள் சொன்னதை ஹேமிஷ் திரும்பப் பெற்றிருக்க வேண்டும். அவரோ, "உண்மையான ஸ்காட்லாந்துக்காரன் எவனும் இப்படிச் செய்யமாட்டான்" என்கிறார்.

சேர்ந்தது ஒரே ஒரு சொல். ஆனால் அந்தக் கூற்றை இனி எந்தச் சான்றாலும் தோற்கடிக்க முடியாது. முதல் நாள் ஹேமிஷ் சொன்னது ஸ்காட்லாந்து ஆண்களைப் பற்றிய ஒரு செய்தி. அது சரியா தவறா என்று சோதித்துப் பார்க்கலாம். இரண்டாம் நாள் சொன்னதில் ஸ்காட்லாந்தைப் பற்றி எந்தச் செய்தியும் இல்லை. ஒரு சொல்லை இனி தான் எப்படிப் பயன்படுத்தப்போகிறேன் என்று அவர் அறிவிக்கிறார், அவ்வளவுதான்.

தர்க்கப் பாடநூல்கள் இந்தக் கதையை இத்தோடு விட்டுவிடுகின்றன. பெண்ணாக இருந்து வாசிக்கும்போது இன்னொன்று கண்ணில் படுகிறது. இரண்டு நாளும் யாருக்கோ கொடுமை நடந்திருக்கிறது. அவர்கள் கதைக்குள் இல்லை. ஹேமிஷின் கவலையெல்லாம் தன் இனத்தின் மானத்தைப் பற்றியது. 'உண்மையான' என்ற சொல் அந்த மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டது. அவர் நிம்மதியாகத் தாளை மடித்து வைத்துவிடலாம்.

இது வெறும் வகுப்பறைக் கதை என்று நினைக்க வேண்டாம். ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தைச் சேர்ந்த பன்வாரி தேவி, மாநில அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் 'சாத்தின்' என்ற பெயரில் களப்பணி செய்தவர். ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்குப் பழிவாங்கும் விதமாக, 1992 செப்டம்பரில் சாதியில் தனக்கு மேலே இருந்த ஆண்கள் தன்னைக் கூட்டு வல்லுறவுக்கு ஆளாக்கினார்கள் என்று புகார் கொடுத்தார். 1995இல் விசாரணை நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. மேல்சாதி ஆண் கீழ்ச்சாதிப் பெண்ணைத் தொட்டுத் தன்னைத் தீட்டாக்கிக்கொள்ள மாட்டான் என்பது அந்தத் தீர்ப்பு சொன்ன காரணங்களில் ஒன்று. ஹேமிஷின் வாக்கியமேதான், நீதிமன்ற முத்திரையோடு வந்தது. 'இந்தச் சாதியில் பிறந்த ஆண் இதைச் செய்யமாட்டான்' என்பதை முதலில் உறுதியாக்கிக்கொண்டால், செய்தான் என்று சொல்லும் பெண் பொய்க்காரியாகத்தான் இருக்க முடியும். அந்த அநீதியை எதிர்த்துப் பெண்கள் அமைப்புகள் உச்சநீதிமன்றம் சென்றதால்தான் 1997இல் விசாகா நெறிமுறைகள் வந்தன; அவற்றின் தொடர்ச்சியாகப் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது.

இதே வாக்கியம் முற்போக்கு வட்டாரங்களிலும் புழங்குகிறது. தோழர் ஒருவர்மீது ஒரு பெண் புகார் சொல்லும்போது முதலில் வருவது "நம் தோழர் அப்படிச் செய்யக்கூடியவர் இல்லை" என்ற பதில். ஆதாரம் வலுத்த பிறகு, "அவர் உண்மையான தோழரே இல்லை" என்று வருகிறது. இரண்டாவது பதில் துணிச்சலான கண்டனம்போலத் தோன்றும். உண்மையில் அது ஒரு கேள்வியிலிருந்து தப்பிக்க உதவுகிறது: பத்து இருபது ஆண்டுகள் நம் மேடையில் ஏறி, நம் கைத்தட்டலை வாங்கி வளர்ந்த ஒருவர் இதைச் செய்ய முடிந்தது எப்படி? அவரை வெளியாளாக்கிவிட்டால் அந்தக் கேள்வியும் அவரோடு வெளியே போய்விடும்.

இந்தத் தர்க்கத்தைப் புரிந்துகொள்ள நாம் அபர்தீன் வரை போயிருக்கவும் வேண்டியதில்லை. தமிழில் போலி வாதங்களை வகைப்படுத்திப் பேசிய ஒரு காப்பியம் இருக்கிறது. அதன் தலைவி ஒரு பெண். சாத்தனாரின் மணிமேகலையில் இருபத்தேழாம் காதையில் மணிமேகலை வஞ்சி நகரில் பல சமயத்தாரைச் சந்தித்து, அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அதற்காக அவள் ஆண் தவசி வடிவம் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இளம்பெண் என்று கருதி யாரும் தங்கள் சமயப் பொருளை அவளுக்குச் சொல்லமாட்டார்கள் என்று தெய்வம் முன்பே எச்சரித்து, வடிவம் மாறும் மந்திரத்தையும் கொடுத்திருக்கிறது. வாதம் நடக்கும் இடத்துக்குள் நுழையவே ஒரு பெண் தன் உருவத்தை மாற்ற வேண்டியிருந்தது என்பதைச் சாத்தனார் மறைக்கவில்லை.

பிறகு காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்குத் தர்க்கம் கற்பிக்கிறார். இருபத்தொன்பதாம் காதையின் பெரும்பகுதி அதுதான். பௌத்த அளவையியலின் பக்கம், ஏது, திட்டாந்தம் ஆகிய உறுப்புகளும் அவை ஒவ்வொன்றிலும் நேரும் போலிகளும் பெயரோடும் உதாரணத்தோடும் வருகின்றன. முதுகலை வகுப்பில் பல மாணவிகள் 'இது தேர்வுக்கு வராது' என்று தாண்டிப் போகும் பகுதி. அதிலிருந்து இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று, அநைகாந்திகம். ஒரு காரணம், நிறுவ வேண்டியதோடும் அதற்கு எதிரானதோடும் சேர்ந்து காணப்படுமானால் அதை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஒலி நிலையற்றது, ஏனென்றால் அது அறியப்படுகிறது என்று ஒருவர் சொல்கிறார் என்று வையுங்கள். நிலையானதும் அறியப்படும், நிலையற்றதும் அறியப்படும். ஆகவே காரணம் இரு பக்கமும் பொதுவாகிவிட்டது. 'தாலி அணிந்திருக்கிறாள், ஆகவே பெண்ணியவாதி இல்லை' என்பது இதே வகைதான். தாலி அணிந்து கணவனின் அடிக்கு எதிராகக் காவல்நிலையப் படி ஏறியவர்களையும், தாலியைக் கழற்றிவிட்டு மருமகளை வதைத்தவர்களையும் நம் ஊர்களில் பார்க்கலாம். தாலியின் பொருளைப் பற்றி நாம் தனியாக, கடுமையாகவே பேசலாம், பேச வேண்டும். ஒரு பெண் கூலி உயர்வைப் பற்றிப் பேசும்போது அவள் கழுத்தைப் பார்த்து அவள் வாதத்தைத் தள்ளுபடி செய்வதற்கு அது காரணமாகாது.

இரண்டாவது, சுவசன விருத்தம்: தன் சொல்லே தனக்கு முரணாவது. அதற்குக் காப்பியம் தரும் உதாரணம், ஒருவன் தன் தாயை மலடி என்பது. அவன் அதைச் சொல்ல வாய் திறப்பதே அது பொய் என்பதற்குச் சான்று. மலடி என்ற சொல் பெண்களைக் குத்திய வரலாறு நீளமானது. தர்க்க ஆசிரியர்களும் உதாரணத்துக்குப் பெண்ணின் கருப்பையைத்தான் தேடிப்போனார்கள் என்பதையும் குறித்துக்கொள்வோம். ஆனாலும் தமிழகத்தில் 'உண்மையான பெண்ணியவாதி' பற்றி நடக்கும் பல விவாதங்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை. நாம் பேச இடம் பெற்றுக் கொடுத்தவர்களைப் பார்த்து, அவர்கள் யாரையும் பெறவில்லை என்கிறோம்.

1938 நவம்பர் 13 அன்று சென்னையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடியது. இந்தித் திணிப்பு எதிர்ப்புப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலம். டாக்டர் தருமாம்பாள், மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் முதலியோர் முன்னின்ற அந்த மாநாட்டில்தான் ஈ.வெ.ராமசாமியைப் 'பெரியார்' என்று அழைக்க வேண்டும் என்ற தீர்மானம் நிறைவேறியது. மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் நீலாம்பிகை அம்மையார். மறைமலையடிகளின் மகள், தனித்தமிழ் அறிஞர், சைவர். கடவுள் மறுப்பாளருக்குப் பெண்கள் கொடுத்த அந்தப் பட்டம், ஒரு சைவப் பெண் தலைமை தாங்கிய அவையிலிருந்து வந்தது.

'கடவுள் நம்பிக்கையுள்ள பெண்ணுக்குப் பெண் விடுதலையில் இடமில்லை' என்ற விதியை இன்று ஒருவர் வகுக்கலாம். அதைப் பின்னோக்கி 1938க்கும் நீட்டினால் தலைமை நாற்காலி காலியாகிறது. அதற்குப் பிறகும் அவர் 'பெரியார்' என்று சொல்லிக்கொண்டே அந்த விதியைப் பேசினால், தன் தாயை மலடி என்ற அந்த மகனின் இடத்தில் நிற்கிறார். அந்த மாநாட்டுப் பெண்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லாமல் இருந்திருக்க முடியாது. ஆனாலும் ஓர் அவையில் உட்கார்ந்து ஒரு தீர்மானம் போட்டார்கள்.

ராமாமிர்தம் அம்மையாரை எடுத்துக்கொள்ளுங்கள். காங்கிரசில் தொடங்கினார், சுயமரியாதை இயக்கத்துக்கு வந்தார், தேவதாசி முறைக்கு எதிராக ஊர் ஊராகப் பேசினார், 1936இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' நாவலை வெளியிட்டார், 1938இல் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த தமிழர் படையில் நடந்தார், 1949இல் பெரியாரின் திருமணத்தையொட்டிப் பிரிந்து தி.மு.க. பக்கம் போனார். எந்தக் கட்சியின் 'உண்மையான' என்ற அளவுகோலை வைத்தாலும் அவர் வாழ்வின் ஏதாவது ஒரு பத்தாண்டு வெளியே விழும். தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் 1947இல் வந்ததற்குப் பின்னால் இருந்த உழைப்பில் ஒரு பங்கு அவருடையது என்பது மட்டும் எந்த அளவுகோலை வைத்தாலும் மாறாது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வரும் நம் மாணவிகள் பலர் மாதம் 1000 ரூபாய் பெறும் புதுமைப்பெண் திட்டத்துக்கு அவர் பெயர்தான் வைக்கப்பட்டிருக்கிறது.

திண்டுக்கல்லுக்கு வருவோம். மதுரைச் சாலையில் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமம் இருக்கிறது. 1947இல் அதைத் தொடங்கிய டாக்டர் டி.எஸ்.சௌந்தரம், டி.வி.சுந்தரம் அய்யங்காரின் மகள். சிறுவயதில் திருமணம், இளவயதில் கைம்மை. அதன் பிறகு தில்லி சென்று மருத்துவம் படித்தார். 1940இல் ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார்; அவர் மலையாளி, வேறு சாதி. 1952இலும் 1957இலும் இந்த மாவட்டத்துத் தொகுதிகளிலிருந்து சட்டமன்றத்துக்கும், 1962இல் திண்டுக்கல்லிலிருந்து நாடாளுமன்றத்துக்கும் போனார். காந்திகிராமத்தின் கஸ்தூரிபா மருத்துவமனையில் பிறந்தவர்கள் இந்தச் சமவெளியில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

சௌந்தரத்தின் ஆதரவில் மதுரையில் படித்தவர்களில் ஒருவர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். 1926இல் பட்டிவீரன்பட்டியில் நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்தவர். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட பிறகு கணவரோடு கீழத்தஞ்சைக்குப் போனார். 1981இல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கினார். நிலவுடைமையாளர்களிடமிருந்து பேசி வாங்கிய நிலத்தை ஆயிரக்கணக்கான நிலமற்ற குடும்பங்களுக்குக் கொடுத்தபோது, பத்திரம் பெண்கள் பெயரில் எழுதப்பட்டது.

இருவரும் காந்தியர்கள். கிருஷ்ணம்மாள் வள்ளலாரின் ஜோதியைப் பற்றிப் பேசுவாரே தவிர ஆணாதிக்கம் பற்றிக் கோட்பாட்டு மொழியில் பேசமாட்டார். ஆகவே நம் பெண்ணிய வரலாற்றுப் பாடத்திட்டங்களில் இவர்கள் 'சமூக சேவகிகள்' என்ற தனி அறையில் உட்கார வைக்கப்படுகிறார்கள். மறுமணம் என்பதைச் சட்டத்தில் படிக்காமல் தன் வாழ்வில் செய்து காட்டியவரும், நிலத்தைப் பெண் பெயருக்கு மாற்றியவரும் பெண்ணிய வரலாற்றுக்குள் வராவிட்டால், அந்த வரலாறு எதைப் பற்றியது என்று மாணவி கேட்பாள். கேட்க வேண்டும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது நியாயமானது. எல்லாரையும் சேர்த்துக்கொண்டால் சொல்லுக்குப் பொருள் போய்விடாதா? மகள் யாரைக் காதலிக்கலாம் என்பதைச் சாதி தீர்மானிக்கும் என்று சொல்லிக்கொண்டே 'பெண்மையைப் போற்றுகிறோம்' என்பவரையும் பெண்ணியவாதி என்று ஒப்புக்கொள்ள வேண்டுமா? வேண்டியதில்லை. கொள்கைக்கு எல்லை உண்டு. எல்லையைப் பற்றிய வாக்குவாதம் எல்லாமே போலி ஆகிவிடாது. ஹேமிஷ் செய்த பிழை எல்லை வகுத்தது அல்ல. அபர்தீன் செய்தியைப் படித்த பிறகு எல்லையை நகர்த்தினார், அதுதான் பிழை. விதியை முன்பே சொல்லியிருந்து, அது ஒருவர் செய்ததையும் சொன்னதையும் பற்றியதாக இருந்து, சொல்பவருக்கும் அதே கண்டிப்போடு பொருந்துமானால் அந்த எல்லை விவாதிக்கத் தக்கது. காந்தியம் பெண்ணின் தியாகத்தைப் புனிதமாக்கியதை நாம் விமர்சிக்கலாம்; கற்பு என்ற கருத்தைத் தாக்கிய பெரியாரின் எழுத்தை அருகில் வைத்துச் சௌந்தரத்தின் பணியை வாசிக்கலாம். அது விமர்சனம், அதில் அவர் அறைக்குள் இருக்கிறார், பதில் சொல்லும் தகுதியோடு இருக்கிறார். 'அவர் நம்மவர் இல்லை' என்றவுடன் வாசிக்கும் வேலையே முடிந்துவிடுகிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. "தனக்கே தெரியாமல் அவர் ஒரு பெண்ணியவாதி" என்று, பிடிக்காத பெயரை ஒரு பெண்ணின் நெற்றியில் ஒட்டுவது. கோபால் குரு 1995இல் தலித் பெண்கள் வேறுவிதமாகப் பேசுகிறார்கள் என்று எழுதியதும், அதே ஆண்டில் தலித் பெண்களின் தேசியக் கூட்டமைப்பு உருவானதும், 'பெண்கள்' என்ற பெயரிலும் 'தலித்துகள்' என்ற பெயரிலும் தங்களுக்காகப் பிறர் பேசிவந்ததை அவர்கள் ஏற்கவில்லை என்பதைக் காட்டின. அப்போது "இது பெண்கள் ஒற்றுமையைக் குலைக்கும்" என்ற குரல் எழுந்தது. ஒற்றுமை என்ற பெயரில் உள்ளே இழுப்பதும் தூய்மை என்ற பெயரில் வெளியே தள்ளுவதும் ஒரே அதிகாரத்திலிருந்து வருகின்றன: பட்டியல் தன் கையில் இருக்கிறது என்ற நினைப்பு.

பெல் ஹூக்ஸ் 1984இல் வெளியான தன் நூலில் ஒரு யோசனை சொன்னார். 'நான் பெண்ணியவாதியாக இருக்கிறேன்' என்பதற்குப் பதில் 'நான் பெண்ணியத்துக்காக வாதாடுகிறேன்' என்று சொல்லிப் பார்ப்போம் என்றார். முதலாவது ஓர் அடையாளம். உடனே யார் உள்ளே, யார் வெளியே என்ற கேள்வி வரும். இரண்டாவது ஒரு செயல். தமிழில் இதற்காக வாக்கியத்தை மாற்ற வேண்டியதுகூட இல்லை. வாதி என்றால் வாதம் செய்பவர். வஞ்சியில் மணிமேகலை சந்தித்தவர்களில் சிலரைச் சாத்தனார் சைவவாதி, பூதவாதி என்றே அழைக்கிறார். ஒவ்வொருவரும் கேட்ட கேள்விக்குத் தன் நிலையை எடுத்துச் சொல்லும் கடமை உள்ளவர். நம் நீதிமன்றங்களில் வழக்குத் தொடுப்பவரும் வாதிதான். ஆகவே 'இவர் பெண்ணியவாதியா?' என்று கேட்பதாக இருந்தால் அதன் நேரான பொருள்: இவர் பெண்களுக்காக எந்த வழக்கைத் தொடுத்தார்? எதை முன்வைத்து வாதாடினார்?

இந்தக் கேள்விக்கு எங்கள் மாவட்டத்திலேயே ஒரு பதில் எழுதப்பட்டிருக்கிறது. 2021 ஜனவரியில் இங்கே ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் வேலைபார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய சூப்பர்வைசர் கைது செய்யப்பட்டார். தலித் பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன், ஆசிய அளவிலும் சர்வதேச அளவிலும் இயங்கும் தொழிலாளர் அமைப்புகளோடு சேர்ந்து போராடியது. 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகத்தோடும், அங்கே துணி வாங்கும் பன்னாட்டு நிறுவனம் ஒன்றோடும் உடன்பாடு ஏற்பட்டது. உலகம் அதைத் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்று அழைக்கிறது. பாலியல் துன்புறுத்தலோடு சாதிப் பாகுபாட்டையும், வெளியூரிலிருந்து வந்தவர் என்பதற்காகக் காட்டும் பாகுபாட்டையும் அது தடைசெய்கிறது. புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்கிறது. தொழிலாளிப் பெண்களே பயிற்சி பெற்று ஆலைத் தளத்தில் கண்காணித்தார்கள்.

அந்தப் பெண்களில் பலர் காலையில் பூ வைத்து, பொட்டு வைத்து, கம்பெனி வேனில் ஏறுகிறவர்கள். கருத்தரங்கில் அவர்களை யாரும் பேச அழைப்பதில்லை. அவர்கள் ஒப்புக்கொள்ள வைத்த ஆவணம், யார் நல்ல மேலாளர், யார் உண்மையான தோழர் என்று ஆராயவில்லை. எந்தச் செயல் குற்றம் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்தது. யார் செய்தாலும் அது பொருந்தும் என்றது. "எங்கள் கம்பெனி ஆள் அப்படிச் செய்யமாட்டார்" என்ற வாக்கியத்துக்கு அதில் இடம் கிடையாது. ஹேமிஷ் மடித்து வைத்த செய்தித்தாளுக்குள்ளேயே விடப்பட்டவர்கள் இங்கே எழுந்து வந்து விதியை எழுதியிருக்கிறார்கள்.

இருபத்தொன்பதாம் காதையை நடத்தும்போது நான் வகுப்பில் ஒரு பயிற்சி கொடுப்பதுண்டு. யாரையாவது 'உண்மையான பெண்ணியவாதி இல்லை' என்று சொல்ல விரும்பும் மாணவி, முதலில் கரும்பலகையில் அவர் பெயரைக் குறிப்பிடாமல் விதியை மட்டும் எழுத வேண்டும். பிறகு அந்த விதியின் கீழ் நீலாம்பிகை, ராமாமிர்தம், சௌந்தரம், கிருஷ்ணம்மாள், அந்த ஆலையின் தொழிலாளிப் பெண்கள் என ஒவ்வொருவராக வைத்துப் பார்க்க வேண்டும். கடைசியில் தன் பெயரையும், தன் அம்மா பெயரையும் எழுத வேண்டும். பெரும்பாலும் அம்மாவின் பெயரை எழுதும்போது சாக்பீஸ் நிற்கும். விதியை அழித்துவிட்டுத் திருத்தி எழுதத் தொடங்குவார்கள். அந்த மணி நேரத்தில் வகுப்பு முடிந்தாலும் அடுத்த நாள் தொடர்வோம்.